தச்சர் செய்த கடிகாரமும் திண்டுக்கல் பூட்டும்

திண்டுக்கல் மலைக்கோட்டையின் உச்சியில் ஒரு குச்சியை நேராக நட்டு வைத்து, அதன் நிழல் எப்போது மிகவும் குட்டையாகிறது என்று பார்த்தால் ஒரு வேடிக்கை புரியும். கடிகாரத்தில் 12 மணி அடிக்கும்போது சூரியன் உச்சிக்கு வந்திருக்காது. சராசரியாக 12 மணி 18 நிமிடம் ஆகும் (மாதத்துக்கு மாதம் கொஞ்சம் முன்னே பின்னே போகும்). இதே குச்சியைச் சென்னையில் நட்டால் 12 மணி 9 நிமிடத்துக்கே நிழல் குட்டையாகிவிடும். இரண்டு ஊருக்கும் இடையில் 9 நிமிட வித்தியாசம்.

இதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? இதில்தான் எல்லாமே இருக்கிறது. பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுகிறது. அப்படியானால் ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். 9 நிமிட வித்தியாசம் என்றால் திண்டுக்கல் சென்னைக்கு மேற்கே இரண்டேகால் டிகிரி தள்ளி இருக்கிறது என்று அர்த்தம். சென்னை நேரத்தைத் தப்பாமல் காட்டும் கடிகாரம் ஒன்று கையில் இருந்தால் போதும், உலகத்தில் எந்த மூலையிலும் சூரியனைப் பார்த்துவிட்டு, சென்னையிலிருந்து எவ்வளவு கிழக்கே, எவ்வளவு மேற்கே நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம். (நம் பழைய கணக்கில் ஒரு நாளைக்கு 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு பூமி சரியாக 6 டிகிரி சுற்றும். கணக்குப் போட எவ்வளவு வசதி பாருங்கள்!)

கணக்கு இவ்வளவு சுலபம். ஆனால் அந்தக் கடிகாரத்தைச் செய்ய மனிதனுக்கு 18-ஆம் நூற்றாண்டு வரை ஆயிற்று. அதைச் செய்தவர் ஒரு தச்சர். கடலே இல்லாத திண்டுக்கல்லில் உட்கார்ந்து கொண்டு கடல் கடிகாரத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று கொடைக்கானலில் இருக்கிறது. இன்னொன்று நாகல்நகர் பக்கத்துப் பூட்டுப் பட்டறைகளில் இருக்கிறது. இரண்டுக்கும் பிறகு வருவோம்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக் கொள்வோம். அப்படியானால் அதற்கு முன்பு கப்பல்களே ஓடவில்லையா? சோழர் படை கடல் தாண்டிப் போகவில்லையா? போனது. வடக்கு-தெற்கு தூரத்தை, அதாவது அட்சரேகையை அறிவது அவ்வளவு கஷ்டமில்லை. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அதுதான் ஏறக்குறைய அட்சரேகை. தமிழக மாலுமிகள் இதற்கு ராப்பலகை என்ற எளிய கருவியை வைத்திருந்தார்கள். ஒரு சின்னப் பலகை, நடுவில் ஒரு கயிறு, கயிற்றில் முடிச்சுகள். முடிச்சைப் பல்லில் கடித்துக் கொண்டு பலகையின் அடி விளிம்பை அடிவானத்திலும் மேல் விளிம்பை நட்சத்திரத்திலும் பொருத்திப் பார்த்தால் எந்தத் துறைமுகத்தின் நேருக்கு வந்திருக்கிறோம் என்று தெரிந்துவிடும். அரபு மாலுமிகளிடமும் இதே கருவி இருந்தது. அழகான கருவி. ஆனால் கிழக்கு-மேற்கைப் பற்றி இது ஒன்றும் சொல்லாது. வானம் முழுவதும் கிழக்கிலிருந்து மேற்காகச் சுற்றிக் கொண்டே இருப்பதால், நேரம் தெரியாமல் அந்தத் திசையில் அளக்கவே முடியாது.

இணையத்தில் இந்த மாதிரி விஷயங்களைப் பேச ஆரம்பித்தால் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். "எல்லாமே நம்மிடம் முன்பே இருந்தது" என்று ஒரு கட்சி. "எல்லாமே வெள்ளைக்காரன் கொடுத்தது" என்று இன்னொரு கட்சி. கடல் கடிகாரத்தின் கதை இரண்டு கட்சிக்கும் சாதகமாக இல்லை. சொல்லப்போனால் வெள்ளைக்காரனின் படித்த கூட்டமே அந்தக் கடிகாரத்தை நம்பத் தயங்கியது.

1707-இல் இங்கிலாந்தின் சில்லி தீவுகளுக்கு அருகே பிரிட்டிஷ் கடற்படையின் நான்கு கப்பல்கள் பாறையில் மோதி மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் செத்தார்கள். இப்படிப்பட்ட விபத்துகள் சேர்ந்து, 1714-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. கடலில் தீர்க்கரேகையை அரை டிகிரிக்குள் கண்டுபிடிக்க வழி சொல்பவருக்கு 20,000 பவுன் பரிசு. அந்தக் காலத்தில் அது ஒரு ராஜா வீட்டுச் சொத்து மாதிரி. அரை டிகிரி என்றால் 2 நிமிடம். மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய்ச்சேர ஆறு வாரத்துக்கு மேல் ஆகும். அத்தனை வாரத்திலும் சேர்த்து 2 நிமிடம்தான் தப்பலாம் என்றால், கடிகாரம் ஒரு நாளைக்கு 3 விநாடிக்கு மேல் தப்பக் கூடாது. அன்றைக்கு இருந்த நல்ல ஊசல் கடிகாரங்கள் வீட்டுச் சுவரில் ஒழுங்காக ஓடின. கப்பலில் ஏற்றினால் ஆட்டத்தில் ஊசல் தடுமாறும். வெயிலில் உலோகம் நீளும், குளிரில் சுருங்கும். எண்ணெய் ஒரு நாள் தண்ணீராகும், ஒரு நாள் பசையாகும். கடிகாரத்தைக் கடலுக்குக் கொண்டு போக முடியாது என்றுதான் பெரிய பெரிய தலைகள் நினைத்தன. ஐசக் நியூட்டனுக்கே நம்பிக்கை இல்லை. விடை வானத்தில்தான் இருக்க வேண்டும் என்பது அறிஞர்களின் கட்சி.

ஜான் ஹாரிசன் 1693-இல் பிறந்தவர். அப்பா தச்சர், மகனும் தச்சர். பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது. யாரோ கடனாகக் கொடுத்த பாடக் குறிப்புகளைக் கையால் முழுக்க நகலெடுத்து வைத்துக் கொண்டு இயற்பியல் கற்றவர். இருபது வயதில் அவர் செய்த கடிகாரத்தில் சக்கரங்களே மரத்தில்தான். தச்சருக்கு மரம் தெரியும் இல்லையா? தானே எண்ணெய்ப் பசை கசியும் ஒரு வெப்பமண்டல மரத்தைத் தேர்ந்தெடுத்து, எண்ணெயே போடத் தேவையில்லாத கடிகாரம் செய்தார். பித்தளையும் எஃகும் வேறு வேறு அளவில் நீளும் என்பதை வைத்து, இரண்டு உலோகக் கம்பிகளையும் மாற்றி மாற்றி அடுக்கி, வெயிலிலும் குளிரிலும் நீளம் மாறாத ஊசலைச் செய்தார். இதையெல்லாம் எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை. இழைப்புளியும் அரமும் சொல்லித் தந்தவை.

1735-இல் முதல் கடல் கடிகாரம் முடிந்தது. 34 கிலோ எடை. அதை எடுத்துக் கொண்டு 1736-இல் லிஸ்பனுக்குப் போய் வந்தார். நன்றாகவே ஓடியது. அப்போதே பரிசைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "இன்னும் சரியாகச் செய்கிறேன்" என்று திரும்பிப் போனார். இரண்டாவது கடிகாரத்தில் ஒரு குறையைத் தானே கண்டுபிடித்து ஒதுக்கினார். மூன்றாவதோடு 19 வருடம் போராடினார். 19 வருடம்! நம்மில் பலருக்கு அவ்வளவுதான் வயது. கடைசியில் 1759-இல் நான்காவதை முடித்தபோது அது ஒரு பெரிய சட்டைப்பை கடிகாரம் மாதிரி இருந்தது. 13 சென்டிமீட்டர் அகலம். ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. 1761-இல் அவர் மகன் வில்லியம் அதை எடுத்துக் கொண்டு ஜமைக்காவுக்குக் கப்பல் ஏறினார். 81 நாள் கழித்துப் பார்த்தால் கடிகாரம் தப்பியிருந்தது 5 விநாடிதான்.

அனுமதித்தது 2 நிமிடம். தப்பியது 5 விநாடி. பரிசைக் கொடுத்தார்களா? இல்லை. ஏதோ அதிர்ஷ்டம், இன்னொரு முறை போய் வா என்றார்கள். 1764-இல் பார்படோசுக்குப் போனார்கள். 47 நாளில் 39 விநாடி. அதுவும் கேட்ட அளவை விட மூன்று மடங்கு துல்லியம். பிறகு, கடிகாரத்தைப் பிரித்துக் காட்டு, படங்களைக் கொடு, அதன் பிறகு பாதிப் பணம் என்றார்கள். பிரித்துக் காட்டினார். பாதி வந்தது. மீதிக்கு மன்னர் மூன்றாம் ஜார்ஜ் வரை போக வேண்டியிருந்தது. 1773-இல் பாராளுமன்றம் 8,750 பவுன் கொடுத்தபோது ஹாரிசனுக்கு வயது 80. மூன்று வருடத்தில் இறந்து போனார்.

வாரியத்தை முழு வில்லனாக்குவது நியாயமில்லை. 1737-இலிருந்தே ஹாரிசனுக்கு அவ்வப்போது பணம் கொடுத்து வந்ததும் அதே வாரியம்தான். "ஒரே ஒரு கடிகாரம் ஓடினால் போதுமா, இன்னொருவர் இதைப் பார்த்துச் செய்ய முடியுமா?" என்ற கேள்வியும் நியாயமான கேள்வி. அது தீர்ந்ததும் இன்னொரு கைவினைஞரால்தான். லார்கம் கெண்டால் என்பவர் நான்காவது கடிகாரத்தை அப்படியே நகல் செய்தார். 1772-இல் கேப்டன் குக் தன் இரண்டாவது பயணத்துக்கு அதைத்தான் எடுத்துப் போனார், மூன்று வருடம் கழித்து வாயாரப் புகழ்ந்தார். ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. தீர்ப்பு சொல்லும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் நெவில் மாஸ்கெலின். சந்திரனையும் நட்சத்திரத்தையும் அளந்து பக்கம் பக்கமாகக் கணக்குப் போடும் போட்டி முறையை வளர்த்தவரே அவர்தான். அந்த முறையும் வேலை செய்தது, செலவும் குறைவு. இருந்தாலும் போட்டியாளரே நடுவரானால் எப்படி? கணக்குப் போட்டவர் விளக்கம் சொன்னால் அது விஞ்ஞானம், அரம் பிடித்தவர் செய்து காட்டினால் அது அதிர்ஷ்டம் என்ற மனசு அங்கே வேலை செய்தது.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். சோழமண்டலக் கடற்கரையில் அப்போது நல்ல துறைமுகமே கிடையாது. மதராசில் கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும், மசூலாப் படகுகள் அலையைத் தாண்டி ஆட்களையும் சரக்கையும் கரை சேர்க்கும். புயலில் கப்பல்கள் உடைவது வழக்கமாக இருந்தது. கரையை ஒழுங்காக அளக்க வந்தவர் மைக்கேல் டாப்பிங். அவர் முயற்சியில் 1792-இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக் கூடம் எழுந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அதற்குச் சொன்ன நோக்கங்களிலேயே வானியலோடும் புவியியலோடும் கப்பல் செலுத்துதலும் இருந்தது. அங்கே நின்ற கருங்கல் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் இருக்கிறது. பத்து டன் எடை. தமிழ் உட்பட ஐந்து மொழிகளில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். பிரிட்டிஷாரின் தாராள மனத்தால் ஆசியாவில் கணித அறிவியல் முதன்முதலாக நடப்பட்டதை ஆயிரம் வருடம் கழித்து வருபவர்களும் அறியட்டும் என்பது அதன் சாரம். தன்னம்பிக்கைக்குக் குறைவில்லை!

கடிகாரம் வைத்துக் கொண்டு கப்பல் ஓட்டுபவருக்கு ஒரு தேவை உண்டு. துறைமுகத்தில் நிற்கும்போதே கடிகாரம் சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு அந்தத் துறைமுகத்தின் நேரமும் தீர்க்கரேகையும் நிச்சயமாகத் தெரிய வேண்டும். மதராஸ் வானாய்வுக் கூடத்தின் நேரம் இதற்குப் பயன்பட்டது. கோட்டையில் இரவு 8 மணிக்குப் பீரங்கி வெடித்தது. தீர்க்கரேகையை வியாழன் கிரகத்தின் நிலவுகளுக்கு வரும் கிரகணங்களை வைத்துக் கணக்கிட்டார்கள் (ஆடும் கப்பலில் தொலைநோக்கி நிற்காது என்பதால் இந்த முறை தரைக்கு மட்டும்தான்). ஜான் கோல்டிங்காம் 1802-இல் சொன்ன அளவு 80 டிகிரி 18 கலை 30 விகலை. ஒரு டிகிரிக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. அதை நேரமாக மாற்றினால் கிரீனிச்சை விட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னே. பழைய மதராஸ் நேரம் என்று இன்றும் பல இடங்களில் எழுதப்படும் அளவு இதுதான். ரயில்கள் ஓடியதும் மதராஸ் நேரத்தில்தான். 1906-இல் இந்திய நேரம் வரும்வரை அதற்கு மவுசு இருந்தது.

அந்த அளவு சரியா? சரியில்லை. பிறகு அதை 80 டிகிரி 17 கலை 21 விகலை என்று குறைத்தார்கள். இந்தியாவின் பெரிய நில அளவைப் படங்கள் எல்லாம் அந்த எண்ணை நம்பி வரையப்பட்டன. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தந்திக் கம்பி வந்து, இங்கிருந்து நேரத்தை நொடியில் ஒப்பிட முடிந்தபோதுதான் அதிலும் 2 கலை 27 விகலை அதிகம் என்று தெரிந்தது. நேரத்தில் சொன்னால் சுமார் 10 விநாடி. தரையில் சொன்னால் சுமார் நாலரை கிலோமீட்டர். அதாவது நுங்கம்பாக்கமே படத்தில் கிழக்கே தள்ளிக் கடற்கரைப் பக்கம் போய் நின்றது! பழைய இந்திய வரைபடங்களில் "இவ்வளவு கழித்துக் கொள்ளவும்" என்ற குறிப்பு இருப்பது இதனால்தான். கல்லில் எழுத்து வெட்டியவர்களும் பத்து விநாடி தப்பினார்கள். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. தப்பை அளந்து, குறிப்பு எழுதித் திருத்திக் கொண்டார்களே, அதற்காகச் சொல்வது.

இதே வானாய்வுக் கூடத்தில் சில வருடம் பொறுப்பில் இருந்த ஜான் வாரன் பிறகு தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்குகளைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் எழுதினார். 1825-இல் பாண்டிச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதர், தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமாக வைத்திருந்த வாய்ப்பாடுகளைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை அதில் பதிவு செய்திருக்கிறார். தாளும் இல்லை, பேனாவும் இல்லை. கிரகணம் தொடங்கும் நேரம் 4 நிமிடம்தான் தப்பியது. முடியும் நேரத்தில் 50 நிமிடத்துக்கு மேல் தப்பியது. 4 நிமிடம் என்று ஒரு கட்சி பெருமைப்படும், 50 நிமிடம் என்று இன்னொரு கட்சி சிரிக்கும். இரண்டு எண்ணையும் சேர்த்து எழுதி வைத்த வாரன்தான் நேர்மையானவர். அந்தக் கணிதரின் கணக்கைச் சோதித்து, தப்பைக் காட்டி, இன்னும் சரியாகச் செய் என்று பணம் கொடுக்க இங்கே ஒரு வாரியம் இருக்கவில்லை. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது, மூளையில் இல்லை.

இப்போது கொடைக்கானல். மதராசில் வானம் தெளிவாக இல்லை என்பதால் 1899-இல் வானாய்வு வேலைகள் கொடைக்கானலுக்கு மாறின. கூடவே பழைய கருவிகளும் மலை ஏறின. அவற்றில் ஒன்று லண்டன் கடிகாரக்காரர் ஜான் ஷெல்டன் செய்த வானியல் கடிகாரம். கேப்டன் குக் 1769-இல் வெள்ளி கிரகம் சூரியனைக் கடப்பதைப் பார்க்க தாகிட்டிக்குக் கொண்டு போனாரே, அதே வகை. அந்தப் பயணத்துக்கு ஷெல்டன் கொடுத்த கடிகாரத்தில் இருந்தது ஹாரிசன் கண்டுபிடித்த அதே பித்தளை-எஃகு ஊசல். பரிசுக்கு அலைந்த தச்சரின் யோசனையை அறிஞர்களின் கடிகாரமே பயன்படுத்தியது என்பது இதில் வேடிக்கை. திண்டுக்கல் மாவட்டத்துக் கல்லூரிகளிலிருந்து எத்தனை பஸ் கொடைக்கானலுக்கு டூர் போகிறது! ஏரியில் படகு, தூண் பாறை, ஹோம் மேட் சாக்லேட், திரும்பு. இந்தக் கடிகாரம் அங்கே இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

கடைசியாகப் பூட்டு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பேப்பரில் படம் வந்தது, எல்லோரும் பெருமைப்பட்டார்கள். ஆனால் பட்டறையில் என்ன நிலைமை? மாங்காப் பூட்டின் உள்ளே இருக்கும் லீவர்களைக் கையால் ராவி, ஸ்பிரிங் வைத்து, அந்தச் சாவிக்கு மட்டும் திறக்கும்படி செய்பவர், ஹாரிசன் செய்த அதே ஜாதி வேலையைத்தான் செய்கிறார். பித்தளை, இரும்பு, அரம், ஸ்பிரிங், மயிரிழை அளவு. மெஷினில் வார்த்த அலிகார் பூட்டும் சீனப் பூட்டும் பாதி விலைக்குக் கிடைக்கும்போது அவர் தாக்குப் பிடிக்க முடியவில்லை. அவர் பிள்ளை பட்டறைக்கு வருவதில்லை. வரவேண்டும் என்று கட்டாயமும் இல்லை, படித்து மேலே போகட்டும். ஆனால் அந்தக் கையில் இருக்கும் அறிவு எங்கே போகிறது? திண்டுக்கல்லைச் சுற்றி இத்தனை இன்ஜினியரிங் கல்லூரி இருக்கிறதே, ஒரு செமஸ்டருக்கு ஒரு நாள், ஒரு பூட்டுக்காரரை ஆய்வகத்துக்கு அழைத்து லீவர் ராவுவது எப்படி என்று மாணவர்களுக்குக் காட்டச் சொல்லி, அதற்குச் சம்பளம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? ஐ.டி.ஐ. என்று சொன்னால் முகம் சுளிக்கிற வீடுகளில்தான் மெக்கானிக்கல் படித்துவிட்டு அரம் பிடிக்கத் தெரியாத பட்டதாரிகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதெல்லாம் பழங்கதை, இப்போதுதான் செல்போனிலேயே ஜி.பி.எஸ். இருக்கிறதே என்று ஒரு கேள்வி வரும். ஜி.பி.எஸ்.ஸும் கடிகாரம்தான். செயற்கைக்கோளில் இருக்கும் அணுக் கடிகாரம் அனுப்பும் நேரத்தை வைத்துத்தான் போன் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு தப்பினால் 30 சென்டிமீட்டர் தப்பும். இந்தியா தனக்கென ஒரு வழிகாட்டித் தொகுதி வேண்டும் என்று அனுப்பிய முதல் செயற்கைக்கோள், 2013-இல் மேலே போனது. அதில் இருந்த மூன்று அணுக் கடிகாரங்களும் வெளிநாட்டில் வாங்கியவை. சில வருடங்களில் மூன்றும் நின்று போயின. செயற்கைக்கோள் நன்றாக இருக்கிறது, மணி காட்டவில்லை! அதன் பிறகு அகமதாபாத்தில் இஸ்ரோவின் ஆய்வு மையத்திலேயே ஒரு ருபிடியம் கடிகாரத்தைச் செய்தார்கள். 2023 மே 29-ஆம் தேதி என்.வி.எஸ்.-01 அதைச் சுமந்து கொண்டு போனது. இராமேஸ்வரத்திலிருந்து இரவில் கடலுக்குப் போகும் விசைப்படகுக்காரருக்குக் கண்ணுக்குத் தெரியாத எல்லைக்கோடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்வதும் இப்படி மேலே சுற்றும் ஒரு கடிகாரம்தான்.

ஹாரிசனின் முதல் மூன்று கடிகாரங்களும் கிரீனிச்சில் இன்னும் ஓடுகின்றன. நான்காவதை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதற்கு எண்ணெய் வேண்டும், ஓடினால் தேயும் என்பதால்.